உஷார்! ஸ்டியரிங்கில் இருப்பவர் கடைசியாக எப்போது தூங்கினார்?

இந்த வெள்ளிக்கிழமை இரவு ஆக்டிங் டிரைவர் போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பப் போகிறீர்களா? ஐந்தரை மணி விமானத்தைப் பிடிக்க மூன்று மணிக்கே கேப் வரச் சொல்லியிருக்கிறீர்களா? ஏறி உட்காருமுன் ஒன்றை விசாரித்துவிடுங்கள். உங்களை ஓட்டிப் போகிறவருக்கு இது இன்றைக்கு முதல் வேலையா, இரண்டாவது வேலையா?

முதலில் வானத்தைப் பார்த்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலைக்கு வருவோம். ஓட்டுகிறவரின் தூக்கத்துக்கு ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பது விமானத் துறைதான். அந்தக் கணக்கிலேயே எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரிந்தால்தான், கணக்கே இல்லாத நம் சாலையைப் பார்த்துப் பயம் வரும்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் உயிரோடு கரை சேர்த்தார்களே, கேப்டன் சல்லன்பெர்கரும் துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸும், அவர்கள் அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். பாராட்டு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். சம்பளத்தில் 40 சதவீதம் வெட்டிவிட்டார்கள், பென்ஷனும் போய்விட்டது என்றார் கேப்டன். எங்களைப் போன்ற விமானிகள் பிழைப்புக்கு இன்னொரு தொழிலும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார் ஸ்கைல்ஸ். அவருடைய இன்னொரு தொழில் கட்டட கான்ட்ராக்ட். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய விமானி, பறக்காத நாளில் மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டுகிற ஆள்!

அவர்கள் பேசுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான், பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். துணை விமானிக்கு வயது 24. வேலை செய்யும் ஊரில் வீடெடுத்துத் தங்கச் சம்பளம் கட்டுப்படியாகாமல், பெற்றோர் வீடு இருந்த சியாட்டில் பக்கத்திலிருந்து நாட்டின் மறுகோடியில் இருக்கும் நூவர்க்குக்கு ராத்திரி முழுக்க விமானம் மாறி வந்து டூட்டியில் ஏறியவர். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் காபிக் கடையிலும் வேலை பார்த்திருக்கிறார் என்பது விசாரணையில் வெளிவந்தது. விபத்துக்கு முதல் காரணம், வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்த தவறான காரியம்தான். ஆனால் இருவருக்கும் களைப்பு இருந்திருக்கும், அது எந்த அளவுக்குக் காரணம் என்று நிர்ணயிக்க முடியவில்லை என்றும் விசாரணை வாரியம் எழுதி வைத்தது. என்னைத் தூங்கவிடாத வரி அதுதான். ரத்தத்தில் சாராயத்தை அளக்கலாம். தூக்கத்தை அளக்க முடியாது.

இப்படி ஒரு விபத்து நம் நாட்டிலும் உண்டு. 2010 மே 22 விடியற்காலை, துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் கருகினார்கள். பிழைத்தவர்கள் எட்டே பேர். வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேப்டன் தூங்கியிருக்கிறார்; காக்பிட் ஒலிப்பதிவில் குறட்டையே கேட்டது. இறங்க வேண்டாம், மேலே எழுப்பிவிடுவோம் என்று துணை விமானி திரும்பத் திரும்பச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அந்த கேப்டனுக்குப் பக்கத் தொழில் எதுவும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் தூங்கி எழுந்த மந்தம் கலையாத ஒரு மூளை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடக் கொடூரமான பாடம் நம்மிடம் இல்லை.

இப்போது விதிப்படி இந்திய விமானிக்கு வாரத்துக்கு 48 மணி நேரத் தொடர் ஓய்வு, முன்பு 36. இரவுப் பணியில் ஆறு வரை இருந்த லேண்டிங்கை இரண்டாகக் குறைக்கச் சொன்னது அதே விதி. 2025 நவம்பரில் அது முழுசாக அமலுக்கு வந்ததும், போதுமான விமானிகள் இல்லாமல் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ திண்டாடியதும், மீனம்பாக்கத்தில் பயணிகள் பெட்டிமேல் உட்கார்ந்து கிடந்ததும் நினைவிருக்கும். அன்றைக்கு எல்லோரும் விதியைத் திட்டினோம். கடைசியில் அந்த நிறுவனத்துக்கு மட்டும் இரவு விதிகள் சில காலம் தளர்த்தப்பட்டன. நமக்கு விமானம் கிடைத்தது, நிம்மதி. யாருடைய தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள் என்று நாம் கேட்கவில்லை.

இவ்வளவு விதியும் கம்பெனி கொடுக்கிற டூட்டிக்குத்தான். அந்த 48 மணி நேரத்தில் அவர் வீட்டில் படுத்திருந்தாரா, வேறெங்காவது சம்பாதித்துக்கொண்டிருந்தாரா என்று பார்க்க ஆளில்லை. நம் கேப்டன்களின் சம்பளத்துக்கு அந்தக் கவலை பெரிதாக வேண்டியதில்லைதான். ஆனால் 2012இல் கிங்ஃபிஷர் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி வைத்தபோதும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் இழுத்து மூடியபோதும் விமானி வீட்டிலும் அடுப்பு எரியவேண்டியிருந்தது. பயிற்சிக்கு அரைக் கோடிக்கு மேல் கடன் வாங்கிவிட்டு வருகிற இளம் துணை விமானிக்கு இன்றைக்கும் கழுத்தில் கத்திதான்.

சரி, இறங்குவோம். சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று நம் தாம்பரம் பக்கத்தில் இரவில் ஓடும் வண்டிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பகலில் ஒரு கம்பெனி அதிகாரியின் காரை ஓட்டுகிறவர் இரவில் ஆக்டிங் டிரைவர். காலையும் மாலையும் ஸ்கூல் வேன், இடையில் ஆப் டிரிப். சோழிங்கநல்லூர், சிறுசேரி, மகேந்திரா சிட்டி ஐ.டி. ஊழியர்களை நள்ளிரவு டிராப், விடியற்காலை பிக்கப். நடுவில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் ஏர்போர்ட் சவாரி. பேராசை என்று சொல்லிவிடாதீர்கள். வண்டிக்கு டியூ கட்டணும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டது. கேப் நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த வழிகாட்டு விதியில், ஒரு டிரைவர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் லாகின் செய்யக் கூடாது, பிறகு பத்து மணி நேரம் ஓய்வு என்று இருந்தது. இரண்டு மூன்று ஆப்பில் ஓட்டினாலும் சேர்த்துத்தான் கணக்கு. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் காலையில் அவர் ஓட்டிய ஸ்கூல் வேன் எந்த ஆப்பிலும் ஏறாது. ஆக்டிங் டிரைவருக்கோ லாகினே கிடையாது. ஒரு போன் நம்பர்தான்.

இதன் ஆபத்து எவ்வளவு? 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்துச் சோதித்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவரின் நிலைக்கு இறங்கிவிட்டன. நம் சட்டத்தில் குடித்து ஓட்டுவதற்கான வரம்பு 30 மில்லிகிராம்! காலை ஆறு மணிக்கு எழுந்த டிரைவர் இரவு பதினொரு மணிக்கு உங்கள் கார் சாவியை வாங்கும்போதே அந்த நிலைக்கு வந்துவிட்டார். பரனூர் டோலைத் தாண்டி, மதுராந்தகம் தாண்டி, திண்டிவனம் தாண்டும்போது மணி இரண்டு. இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பு தூக்கத்துக்காகக் கெஞ்சும் நேரம் என்று விமானிகளுக்கான விதியே தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. வழியில் போலீஸ் ஊதச் சொன்னால் மெஷின் பூஜ்ஜியம் காட்டும்.

ஆகவே கேளுங்கள். கூச்சப்படாமல், போலீஸ் மாதிரி மிரட்டாமல். “அண்ணே, காலையில எத்தனை மணிக்கு டூட்டி எடுத்தீங்க? மதியம் கொஞ்சம் படுத்தீங்களா?” முதல் நாளே போனில் கேட்டுவிடுவது இன்னும் நல்லது, வாசலில் வந்து நின்ற பிறகு எவரும் “தூங்கல சார்” என்று சொல்லி வாடகையை இழக்க மாட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக் தாமதமாக விழுந்தால், டயர் லேன் கோட்டின் மேல் ஏறி ஏறி இறங்கினால், பேசியதற்குப் பதில் வராமல் “ஆங்?” என்றால், ஏ.சி. ஓடும்போதே ஜன்னலை இறக்கினால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஓரத்தில் அல்ல, பெட்ரோல் பங்க் அல்லது வெளிச்சமான ஓட்டல் வாசலில். முகம் கழுவுவதும் பாட்டு சத்தத்தை ஏற்றுவதும் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். ஒரு டீ, அதன்பின் இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூக்கம். எழுந்தவுடன் சாவியைக் கொடுக்காதீர்கள், மங்களூரை நினைத்துக்கொண்டு கால் மணி நேரம் நடக்கவிடுங்கள். அப்படியும் கண் சொருகினால் அந்த இரவுப் பயணம் அவ்வளவுதான், விடியட்டும்.

நம் தரப்பிலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். கல்யாணத்துக்கு ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவரை மண்டப வாசலில், கொசுக்கடியில், காருக்குள்ளேயே படுக்கவிட்டுவிட்டு நாம் ஏ.சி. ரூமில் படுக்கிறோம். முகூர்த்தம் முடிந்து பந்தியிலிருந்து எழுந்ததும் “கிளம்பலாமாப்பா?” என்கிறோம். ரூம் பேசும்போதே டிரைவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் பேசுங்கள். திரும்புவதை ஞாயிறு காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்களைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டால், திங்கள் காலை ஏழு மணிக்கு அவர் வேறு யாரையோ ஆபீஸுக்கு ஓட்டிப் போகப்போகிறார்.