புதிய தொழில் நிறுவனங்களும் செய்தித்தாள்களும்

2016 ஜனவரி 16-இல் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டம் புதிய நிறுவனங்களுக்கு வரிச் சலுகையும் காப்புரிமைக் கட்டணச் சலுகையும் அளிக்கின்றது. மக்களிடையே தம் பெயரைப் பரப்புவது மட்டும் நிறுவனங்களின் பொறுப்பேயாகும்.

ஒரு நிறுவனம் தோன்றியது என்பதே செய்தியாகிவிடாது. அது யாருடைய இடர்ப்பாட்டைத் தீர்க்கின்றது என்பதே செய்தி. நாசிக் வட்டாரத் திராட்சைத் தோட்டங்களுக்கென மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவியை ஒரு நிறுவனம் செய்வதாகக் கொள்வோம். தில்லி ஆங்கில நாளேட்டின் பாராட்டைவிட, 2005-இல் தொடங்கப்பெற்ற மராத்தி வேளாண் நாளேடான ‘அக்ரோவன்’ வெளியிடும் சில வரிகள் அதற்கு மிகுந்த பயன் தரும். கருவியை வாங்கவேண்டியவர் அதன் வாசகரே. நிருபருக்கு அனுப்பும் குறிப்பில் விலை, சோதனை நடந்த தோட்டம், மிச்சமான நீரின் அளவு ஆகியன இடம்பெற வேண்டும். ‘புரட்சிகரமான’ என்னும் அடைமொழியை நிருபர் எப்படியும் அடித்துவிடுவார். பயனடைந்த விவசாயியை அவர் நேரில் சந்திக்க வழிசெய்வது குறிப்பினும் நன்று.

பணம் பெற்றுச் செய்தி வெளியிடும் வழக்கம் குறித்து இந்தியப் பத்திரிகை மன்றம் 2010-இல் அறிக்கை அளித்தது. அது பெரிதும் தேர்தல் காலத்தைப் பற்றியது. எனினும், விளம்பரம் விளம்பரமென்றே தெரிதல் வேண்டும் என்னும் மன்றத்தின் நெறி வணிகத்துக்கும் உரியது. முதல் குறைந்த நிறுவனம் ‘செய்தி’க்கு விலை கேட்பவரிடம் பணத்தைக் கொடுப்பதைவிட, வெளிப்படையாகவே ஒரு சிறு விளம்பரம் தரலாம். அதற்கு ரசீதாவது கிடைக்கும்.