மானியம் கிடைக்கும், வீட்டை அளந்தார்களா?

இலண்டனில் குளிர் தொடங்கினால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். “அண்ணை, ஹீற் பம்ப் போட்டா அரசாங்கம் ஏழாயிரத்து ஐந்நூறு பவுண் தருதாமே, உண்மையோ?” கேட்பவர்கள் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். காஸ் பொயிலர் பூட்டும் வேலையில் தொடங்கி, இப்போது ஹீற் பம்பும் பூட்டுகிறவன் நான். உண்மைதான் என்பேன். ஆனால் அந்தப் பணத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்காதீர்கள் என்றும் சொல்வேன்.

முதலில் கருவி. பொயிலர் காஸை எரித்துச் சூடு உண்டாக்குகிறது. ஹீற் பம்ப் எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றிலுள்ள சூட்டை எடுத்து, வீட்டுக்குள் ஓடும் தண்ணீருக்கு ஏற்றுகிறது. குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளே இருக்கும் சூட்டைப் பின்பக்கமாகத் தள்ளுகிறதே, அதே வேலை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே போனாலும் காற்றில் எடுக்கக்கூடிய சூடு இருக்கும். சரியாகப் பூட்டினால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் சூடு கிடைக்கும்.

இனி மானியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘பொயிலர் அப்கிரேட் ஸ்கீம்’ 2022 மே மாதம் தொடங்கியது. காற்றிலிருந்து சூடெடுக்கும் பம்புக்கு அப்போது 5,000 பவுண், நிலத்திலிருந்து எடுப்பதற்கு 6,000. 2023 ஒக்டோபரில் இரண்டுக்கும் 7,500 ஆக்கினார்கள். பழைய காஸ் பொயிலரை, எண்ணெய்ப் பொயிலரை அல்லது நேரடி மின் ஹீற்றரை எடுத்துவிட்டுப் போடுகிறவர்களுக்குத்தான் இது. காஸ் பொயிலரையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஓட்டும் அமைப்புக்குக் கிடையாது. வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரர் இதைப் பெறலாம். கூரைக்கும் சுவருக்கும் வெப்பக் காப்புப் போட்டிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2024 மே மாதம் எடுத்துவிட்டார்கள். ஸ்கொட்லாந்தில் திட்டம் வேறு. அங்கே 7,500 மானியம், தொலைவான கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் 9,000, அதற்கு மேல் வட்டியில்லாக் கடனாக 7,500 வரை.

விண்ணப்பத்தை நீங்கள் போட வேண்டியதில்லை. பணமும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. இவ்வகைக் கருவிகளைப் பூட்டுவதற்கான எம்.சி.எஸ். சான்றிதழ் பெற்ற நிறுவனம், எரிசக்தி ஒழுங்காற்று அமைப்பான ஒஃப்ஜெமுக்கு விண்ணப்பித்து, மானியத்தைக் கழித்த விலையை உங்களுக்குத் தர வேண்டும். உங்கள் சம்மதத்தை ஒஃப்ஜெம் உங்களிடமே கேட்டு உறுதிசெய்யும். ஆகவே, “மானியத்தை எடுத்துத் தாறம், முதலில் கொஞ்சக் காசு கட்டுங்கோ” என்று யாராவது வாசலில் வந்து நின்றால் கதவைச் சாத்துங்கள். கருவிக்கும் கூலிக்கும் வற் வரி 2022 ஏப்ரலிலிருந்து 2027 மார்ச் முடியும்வரை பூச்சியம் என்பதையும் விலைப்பட்டியலில் சரிபாருங்கள்.

ஒரு சாதாரண இரட்டை இணைவீட்டுக்குப் (செமி-டிற்றாச்ட்) பெரும்பாலும் 10,000 முதல் 15,000 பவுண் வரை செலவாகும். மானியம் போக மிச்சம் உங்கள் கையிலிருந்துதான். அந்த மிச்சம் திரும்பி வருமா என்பதைத் தீர்மானிப்பது மின்கட்டணம். ஒஃப்ஜெமின் 2025 ஒக்டோபர் விலை உச்சவரம்பின்படி மின்சாரம் யூனிட்டுக்கு 26 பென்ஸுக்கு மேல் இருந்தது. காஸ் 6 பென்ஸுக்குச் சற்று மேல். நான்கு மடங்கு வித்தியாசம்.

அந்த விலையில் ஒரு கணக்குப் பாருங்கள். வீட்டுக்கு ஆண்டுக்கு 10,000 யூனிட் சூடு தேவை என்று வைப்போம். நூற்றுக்கு எண்பத்தைந்து வீதம் திறனுள்ள காஸ் பொயிலரில் அதற்கு ஏறத்தாழ 740 பவுண். ஹீற் பம்ப் ஒன்றுக்கு இரண்டரை மடங்கு தந்தால் 1,050 பவுண். மூன்று மடங்கு தந்தால் 880. நான்கு மடங்கு தந்தால் 660. கருவியும் மானியமும் ஒன்றாகவே இருக்கலாம். பூட்டும் விதத்தால் மட்டும் ஆண்டுக்கு 400 பவுண் ஏறலாம், இறங்கலாம்.

போன குளிர்காலம் ஹரோவில் ஒரு வீட்டுக்குப் போனேன். வேறு நிறுவனம் பூட்டிய பம்ப். கரண்ட் பில் ஏறியதால் அந்த அம்மா பயந்து சுவெற்றருக்கு மேல் சுவெற்றர் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையில் தண்ணீர் 62 பாகையில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னறையில் பழைய ஒற்றைத் தகட்டு ரேடியேற்றர். தரைப்பலகையைக் கிளப்பிப் பார்த்தால் பத்து மில்லிமீற்றர் செப்புக் குழாய். அறைகளை யாரும் அளக்கவில்லை. பின்பக்கம் கட்டிய எக்ஸ்ரென்ஷனைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ரேடியேற்றர் சிறிதென்றால் அறை சூடாவதற்குத் தண்ணீரைக் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் சூடு ஏற ஏற, பம்பின் திறன் விழும்.

மூன்று அறைகளுக்கு இரட்டைத் தகட்டு ரேடியேற்றர் போட்டோம். பின்னறைக்குப் பெரிய குழாய் இழுத்தோம். வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டை இயக்கிவிட்டோம். இப்போது சாதாரணக் குளிர்நாளில் 45 பாகைக்குள் ஓடுகிறது. பம்பில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. இந்த வேலையெல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

எங்கள் வீடுகளில் அடுத்த கேள்வி அடுக்களையிலிருந்து வரும். “தம்பி, காஸ் அடுப்பையும் எடுக்க வேணுமோ?” கட்டாயமில்லை, அன்ரி. அடுப்புக்கு மட்டும் காஸை வைத்திருக்கலாம். ஆனால் காஸ் மீற்றர் இருக்கும்வரை நிலைக்கட்டணம் ஓடும். 2025 ஒக்டோபரில் அது நாளுக்கு 34 பென்ஸ் அளவில் இருந்தது. ஆண்டுக்கு 120 பவுணுக்கு மேல். மீற்றரைக் கழற்றச் சொன்னால் அந்தக் காசு மிஞ்சும். இண்டக்ஷன் அடுப்புக்கு மாறினால் அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் உதவாது, இரும்புத் தோசைக்கல் உதவும். தாங்கி இல்லாமலே சுடுதண்ணீர் தரும் கொம்பி பொயிலர் இருந்த வீட்டில் சுடுதண்ணீர்த் தாங்கிக்கும் இடம் ஒதுக்க வேண்டும். சாமியறையாக்கிய பழைய அலுமாரிதான் பல வீடுகளில் அதற்கு இருக்கும் ஒரே இடம். இதைப் பூட்டும் நாளில் அல்ல, முன்கூட்டியே குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள்.

பம்பின் வெளிப்பெட்டியைப் பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதியை இங்கிலாந்தில் 2025 மே மாதம் நீக்கினார்கள். ஒடுங்கிய காணியில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் சத்தக் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது. அயலவரின் யன்னல் எங்கே என்று பார்த்தே இடம் குறிக்க வேண்டும்.

ஒரு விஷயம் எனக்குத் தாங்கமுடியாதது. மாளிகைக்காரருக்கும் அதே 7,500, இரவு வேலை செய்து மோட்கேஜ் கட்டுகிறவருக்கும் அதே 7,500. மிச்ச ஐயாயிரம் இல்லாதவர் மானியத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறார். ஜெர்மனி 2024இல் வேறு வழி எடுத்தது. அங்கே அடிப்படை மானியம் நூற்றுக்கு முப்பது வீதம். வரிக்குரிய வருமானம் 40,000 யூரோவுக்கு மேற்படாத, சொந்த வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு மேலும் முப்பது வீதம். எல்லாம் சேர்ந்து எழுபது வீதம்வரை போகலாம். இங்கும் வருமானம் பார்த்துக் கூட்டிக் கொடுப்பதுதான் நியாயம். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள். கேட்காத குரலுக்குப் பாராளுமன்றத்தில் இடமில்லை.

ஹீற் பம்ப் நல்ல கருவி. நான் மனமாரச் சொல்கிறேன், போடுங்கள். ஆனால் கையெழுத்து வைக்கமுதல் மூன்றை எழுத்தில் கேளுங்கள். அறை அறையாக அளந்த வெப்ப இழப்புக் கணக்கு எங்கே? கடுங்குளிரில் தண்ணீர் எத்தனை பாகையில் ஓடும்? ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆண்டுச் சராசரியாக எத்தனை யூனிட் சூடு வரும்? இந்த மூன்றுக்கும் தாளில் பதில் தராதவர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.