வரட்சிக்கு வரும் பணமும் பெண்களின் பங்கும்

வரட்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது நிவாரணம்தான். கிராம சேவையாளரிடம் பெயர் பதிவது, பவுசரில் வரும் குடிநீருக்குக் குடத்துடன் நிற்பது, உலர் உணவுப் பொதி வாங்குவது. அந்த நேரத்துக்கு இவை தேவைதான். ஆனால் பொதி முடிந்த பின் எம்மிடம் மிஞ்சுவது என்ன? அடுத்த வரட்சியிலும் அதே வரிசையில்தான் நிற்கிறோம். எனவே அரசாங்கத்தின் பணம் வரட்சியைத் தாங்கி நிற்கும் வேலைகளுக்கும் போக வேண்டும். அப்படிப் போகும்போது அதில் பெண்களுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

சம்மாந்துறையின் நிலை

சம்மாந்துறை நெல் விளையும் பூமி. பட்டிப்பளை ஆறு என்று நாம் சொல்லும் கல் ஓயாவே இப்பகுதிக்கு உயிர். 1949 இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. அக்குளத்து நீர் மேலே உள்ள குடியேற்றக் கிராமங்களைத் தாண்டித்தான் கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்களின் வயல்களுக்கு வருகிறது. குளம் நிறைந்தால் எல்லோருக்கும் நீர் உண்டு. குளம் வற்றினால் முதலில் காய்வது வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல்தான்.

2016 இன் இறுதியில் மாரி மழை பொய்த்தது. நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சி என்று அதைக் கூறினர். 2017 இல் நாட்டின் நெல் விளைச்சல் அதற்கு முந்திய ஆண்டைவிட ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வயல் விளையாவிட்டால் போடியாருக்கு நட்டம். களை பிடுங்கியும் கதிர் பொறுக்கியும் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கோ அன்றைய அடுப்பே எரியாது.

கல் ஓயா கற்பித்த பாடம்

பழுதடைந்த கல் ஓயா இடதுகரை வாய்க்கால்களைத் திருத்த 1979 முதல் 1985 வரை ஒரு திட்டம் நடந்தது. இலங்கை அரசாங்கமும் அமெரிக்க உதவி நிறுவனமும் அதற்குப் பணம் ஒதுக்கின. அணை, மதகு திருத்துவதோடு அத்திட்டம் நிற்கவில்லை. படித்த இளைஞர், யுவதிகள் கிராமங்களுக்குச் சென்று விவசாயிகளைக் குழுக்களாகச் சேர்த்தனர். 1981 இல் குளத்தில் கால்வாசி நீரே இருந்தபோது விவசாயிகள் சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்பரவு செய்து, முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சமான நீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டனர்.

அந்த முயற்சியின் பலன் 1997 இல் தெரிந்தது. அவ்வாண்டு சிறுபோகத்துக்கு இடதுகரையின் 65,000 ஏக்கரில் 15,000 ஏக்கருக்குத்தான் நீர் போதும் என அதிகாரிகள் கூறினர். விவசாய அமைப்புகள் நீரைச் சிக்கனமாகப் பங்கிட்டன. ஏறக்குறைய முழு நிலமும் விளைந்தது. யுத்தம் நடந்த அக்காலத்தில் மேலே இருந்த சிங்கள விவசாயிகள் கீழே இருந்த தமிழ் பேசும் விவசாயிகளுடன் நீரைப் பகிர்ந்தனர். சீமெந்துக்குச் செலவழித்த பணத்தோடு மனிதரை ஒன்று சேர்க்கச் செலவழித்த பணமும் சேர்ந்ததால் வந்த பலன் இது.

அண்மைய முயற்சி

பசுமைக் காலநிலை நிதியம் 2016 இல் இலங்கைக்கு 38 மில்லியன் டொலரை அங்கீகரித்தது. அரசாங்கம் சுமார் 14 மில்லியன் டொலர் சேர்த்தது. மல்வத்து ஓயா, யான் ஓயா, மீ ஓயா ஆகிய மூன்று ஆற்றுப் படுகைகளில் ஒன்றோடொன்று தொடர்புடைய சிறு கிராமக் குளங்களைத் திருத்துவதும், குடிநீர் வழங்குவதும், காலநிலைத் தகவலை விவசாயிகளுக்குச் சேர்ப்பதும் அதன் நோக்கம். வவுனியா, மன்னார், திருகோணமலைப் பகுதிகளும் அதில் அடங்கின. சிறு குளம் நிறைந்தால் அதைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் நீர் ஊறும். வீட்டுத்தோட்டமும் ஆடு மாடும் பிழைக்கும். இத்தகைய வேலைகளை எமது பகுதிக்கும் கேட்டு வாங்க வேண்டும்.

பெயர் இல்லாவிட்டால் பங்கும் இல்லை

விதை மானியம், பயிர்க் காப்புறுதி போன்றவை பதிவேட்டைப் பார்த்தே வருகின்றன. யுத்தத்தில் கணவனை இழந்த, கணவன் காணாமற்போன பல சகோதரிகளின் வயல் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. உழைப்பது மனைவி, பட்டியலில் இருப்பது கணவன். ஆகவே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

• உங்கள் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, விவசாயக் காணிப் பதிவேட்டில் யாருடைய பெயர் உள்ளது என்று பாருங்கள்.

• விவசாய அமைப்பில் அங்கத்தவராகுங்கள். போகத்துக்கு முந்திய கன்னாக் கூட்டத்துக்கு இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து போங்கள். எந்த வயலுக்கு எப்போது நீர் என்பது அங்கேதான் முடிவாகிறது.

• அரசாங்க உத்தரவுப்பத்திரக் காணிகளில் ஆண் பிள்ளைகளுக்கு முதலுரிமை அளித்த விதி 2022 இல் மாற்றப்பட்டது. மகளுக்கும் சம உரிமை உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

• கணவன் காணாமற்போயிருந்தால் அதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத சகோதரிகளுக்கு இது உதவும்.

• விதைக்கும் முன்பே பயிர்க் காப்புறுதி பற்றிக் கேளுங்கள். பயிர் காய்ந்த பின் கேட்டுப் பயனில்லை.

மழை எமது கையில் இல்லை. வரட்சிக்கென்று ஒதுக்கப்படும் பணம் எந்த வாய்க்காலுக்குப் போகிறது, யாருடைய பெயரில் போகிறது என்று கேட்பது எமது கையில்தான் இருக்கிறது. ஒருத்தியாகக் கேட்டால் நாளைக்கு வரச் சொல்வார்கள். பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.