வானிலிருந்து அளக்கப்படும் வெண்பனி

தமிழில் ‘பனி’ என்பது பல பொருள் தரும் சொல். புல்நுனியில் அரும்பும் துளியும் பனியே. மார்கழிக் காலையில் வழியை மறைக்கும் புகைமூட்டமும் பனியே. முன்பனி, பின்பனி என இரண்டு பெரும்பொழுதுகளுக்கு நம் முன்னோர் அதன் பெயரையே இட்டனர். இக்கட்டுரை பேசுவது வேறொரு பனியைப் பற்றி. உயர்ந்த மலைகளில் குளிர்காலம் முழுவதும் பஞ்சுபோலப் பொழிந்து, அடுக்கடுக்காகப் படிந்து, வெயில் ஏறியதும் உருகி ஆறாகும் வெண்பனி அது. அணை கட்டாமலே இயற்கை தேக்கிவைக்கும் நீர் என்றும் அதனைக் கூறலாம். அத்தேக்கத்தில் எவ்வளவு நீர் உள்ளது?

வினா எளியது, விடை எளிதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மழையும் பனியும் பெரும்பாலும் குளிர்காலத்தில் பொழிகின்றன. பயிர்களுக்கோ கோடையில் நீர் வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் நீரைத் தாங்கி நிற்பது சியரா நெவாடா மலைத்தொடரின் வெண்பனியே. அம்மாநிலத்தின் நீர்த்தேவையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை அது நிறைவுசெய்கிறது. 2015 ஏப்ரல் 1 அன்று அம்மலைகளில் எஞ்சியிருந்த பனிநீர், அந்நாளுக்குரிய சராசரியில் 5 விழுக்காடு மட்டுமே. வழக்கமாக ஆளுயரத்திற்குப் பனி மூடிக்கிடக்கும் ஓர் அளவீட்டிடத்தில், அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வெறும் புல்தரையில் நின்றுகொண்டு, நகரங்களின் நீர்ப்பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்குமாறு ஆணையிட்டார். பனியை மிகுதியாகக் கணித்துவிட்டால் விதைத்த வயல் வாடும். குறைவாகக் கணித்துவிட்டால், அணையில் இடம் ஒதுக்காத நிலையில் வெள்ளம் வந்து சேரும்.

பனியை முறையாக எடைபோடும் வழியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த பேராசிரியர் அவர். (இலக்கியம் கற்பிப்போர் மலையேறி அறிவியல் வளர்த்தமை, மொழி பயிலும் நமக்கு இனிய செய்தியன்றோ!) உள்ளீடற்ற எஃகுக் குழாயைப் பனிக்குள் செலுத்தி, அதில் சிக்கிய பனியை எடைபோட்டு, அது உருகினால் எவ்வளவு உயரத்திற்கு நீர் நிற்கும் என்று அவர் கணக்கிட்டார். பனியின் ஆழத்தை மட்டும் அளந்தால் போதாது. புதுப்பனி பத்து அங்குலம் உருகினால் ஓர் அங்குல நீரளவே தேறும். அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஆயினும் ஒரு குழாய் ஓர் இடத்தின் கதையையே கூறும். அடுத்த சரிவில் காற்று பனியை வாரிக் குவித்திருக்கலாம். வெயில் படும் எதிர்ச்சரிவு வெறுமையாய்க் கிடக்கலாம்.

மலை முழுவதையும் கணக்கிடுவதற்கே ‘நிலப்பரப்பு மாதிரிகள்’ எனப்படும் கணினி நிரல்கள் உருவாயின. அவை நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விழும் மழை, பனி, படும் வெயில், உருகும் நீர், மண்ணில் இறங்கும் ஈரம் ஆகியவற்றை வரவுசெலவுக் கணக்குப்போல் எழுதிவருகின்றன. கணக்கு முறை செம்மையானதே; வரவில்தான் பிழை நேர்கிறது. காற்று வீசும் முகடுகளில் மழைமானிக்குள் விழவேண்டிய பனித்துகள்கள் விலகிப் பறந்துவிடுகின்றன. நவம்பரில் நுழைந்த சிறுபிழை, ஏப்ரலுக்குள் பெருங்குவியலாகிவிடும்.

இங்கேதான் செயற்கைக்கோள் துணைக்கு வருகிறது. 1999இல் ஏவப்பட்ட டெர்ரா, 2002இல் ஏவப்பட்ட அக்வா ஆகியவற்றில் உள்ள ‘மோடிஸ்’ என்னும் கருவி, நாள்தோறும் புவியைப் படம்பிடித்தது. வானிலிருந்து பார்த்தால் பனியும் வெண்மை, மேகமும் வெண்மை. எனினும் பனி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பெரிதும் திருப்பி அனுப்பி, அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கிறது; மேகம் இரண்டையுமே திருப்பி அனுப்புகிறது. அவ்வேறுபாடே பனியைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் படம் காட்டுவது பரப்பை மட்டுமே. ஒரு சாண் பனியும் ஓராள் உயரப் பனியும் மேலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். ஆழத்தை உணரவல்ல நுண்ணலைக் கருவிகளும் உள்ளன. பனி ஈரமானாலோ மிக ஆழமானாலோ அவை தடுமாறுகின்றன.

அவ்வாறாயின் பரப்பைக் காட்டும் படத்திலிருந்து ஆழத்தை அறிவது எங்ஙனம்? குதிரில் எவ்வளவு நெல் இருந்தது என்று நமக்குத் தெரியாது எனக் கொள்வோம். நாள்தோறும் எத்தனை மரக்கால் எடுத்தோம் என்பது தெரியும்; குதிர் வெறுமையான நாளும் தெரியும். தொடக்கத்தில் இருந்த நெல்லை அப்போது கணக்கிட்டுவிடலாம். பனியும் அத்தகையதே. உருகுநிலையில் உள்ள ஒரு கிலோகிராம் பனி நீராக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நாள்தோறும் எவ்வளவு வெப்பம் கிடைத்தது என்பதை மாதிரி கூறும். பனி மறைந்த நாளைச் செயற்கைக்கோள் கூறும். ஆழத்தை நேரே காணாத கண்ணும், களத்தை நேரே காணாத கணக்கும் இவ்வாறு கைகோக்கின்றன.

நடைமுறையில், ஒரே மாதிரியைச் சற்றே வேறுபட்ட பனிப்பொழிவுகளுடன் பலமுறை இயக்குகின்றனர். அவற்றுள் செயற்கைக்கோள் கண்ட பரப்புடன் ஒத்துப்போகும் கணக்குகளுக்கு மிகுந்த மதிப்பும், முரண்படுவனவற்றுக்குக் குறைந்த மதிப்பும் அளிக்கின்றனர். படத்தையும் முழுமையாக நம்புவதில்லை. மேகம் மறைக்கும் நாள்கள் உண்டு. அடர்ந்த காட்டில் மரக்கிளைகள் தரைப்பனியை மூடிவிடும். எதனை எவ்வளவு நம்புவது என்று எடைபோடுவதே இம்முறையின் உயிர்நாடி. இவ்வழியில், லாண்ட்சாட் படங்களைக் கொண்டு, 1985 முதல் 2015 வரை சியரா நெவாடாவில் நாள்தோறும் இருந்த பனிநீரை, 90 மீட்டர் கட்டங்களில் ஆய்வாளர்கள் மீட்டெடுத்துள்ளனர்.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. பனி உருகி முடிந்த பின்னரே விடை முழுமையாகக் கிடைக்கும். உழவருக்கோ முன்னரே தெரிந்தாக வேண்டும். எனினும் கடந்த ஆண்டுகளின் கணக்கு, எந்தச் சரிவில் மாதிரி வழக்கமாகத் தவறுகிறது என்பதைக் காட்டிவிடுகிறது. அதனைத் திருத்திக்கொண்ட மாதிரி, அடுத்த குளிர்காலத்தைக் கூடுதல் தெளிவுடன் கணிக்கும்.

சியராவில் குழாயுடன் மலையேற ஆள்கள் உள்ளனர். பனியை எடைபோடும் தானியங்கி நிலையங்களும் உள்ளன. இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் அத்தகைய நிலையங்கள் மிக அரிது. பக்ரா அணைக்குச் சட்லெஜ் ஆறு கொணரும் நீரில் பெரும்பங்கு, அச்சரிவுகளின் பனியும் பனியாறுகளும் உருகி வருவதே. ரிசோர்ஸ்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் படங்களைக் கொண்டு நம் நாட்டு அறிவியலாளர்கள் இமயப் பனிப்பரப்பைக் கண்காணித்துவருகின்றனர். மனிதர் கால் பதிக்க இயலாத அவ்விடங்களில், பனி மறைந்த நாளை நமக்குக் கூறவல்ல சான்று பெரும்பாலும் அப்படங்களே.