வீட்டு றூற்றரும் கொம்பனியின் மறைவழியும்

2020 ஆம் ஆண்டிற் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது, உலகின் பல நாடுகளில் அலுவலகப் பணி இல்லங்களுக்குப் பெயர்ந்தது. நோய் தணிந்த பின்னரும் அவ்வழக்கம் முற்றாக நீங்கிற்றில்லை. அங்ஙனம் வீட்டிலிருந்து பணிபுரிவோர்க்கு நேரும் இடர் ஒன்றுண்டு. கொம்பனி கொடுத்த கணினி, அக்கொம்பனியின் வீ.பீ.என். என்னும் மறைவழியோடு இணைந்துவிட்டதாகக் காட்டும்; கடவுச்சொல்லும் ஏற்கப்படும்; எனினும் வேண்டிய கோப்பு மட்டும் திறவாது. இக்குறையை மறைவழியின்மேல் ஏற்றிக் கூறுவாரே பலர். ஆயின், அதன் காரணம் பல வேளைகளில் வீட்டு மூலையிற் கிடக்கும் றூற்றரின் முகவரி அமைப்பிலேயே காணப்படும்.

வீ.பீ.என். என்பது யாதெனின், பொதுவழியாகிய இணையத்தினூடே கொம்பனியொன்று தன் ஊழியர்க்கென வகுத்துக்கொள்ளும் தனிவழியாம். கணினி விடுக்கும் பொதி ஒவ்வொன்றும் முதலில் மறைகுறியாக மாற்றப்பட்டு, வேறோர் உறையினுள் இடப்பட்டு, கொம்பனியின் வாயிலில் நிற்கும் கருவிக்கு முகவரியிடப்படும். இடைவழியில் நிற்போர் புறவுறையையே காண்பர். உள்ளிருக்கும் முகவரியும் செய்தியும் அவர்க்குப் புலப்படா.

றூற்றரின் தொழிலோ வேறு. இணைய முகவரியின் நான்காம் பதிப்பு 32 இருமவிலக்கங்களால் ஆயது. ஆதலின், அதிலே ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அமையும். இவை உலகுக்குப் போதா என்பதை முன்னரே உணர்ந்த வல்லுநர், பல கணினிகள் ஒரு பொது முகவரியின் பின் நின்று பணியாற்றுதற்கு உதவும் முகவரி பெயர்ப்பு முறையை 1994 இல் வெளியிட்டனர். 1996 இல் வெளிவந்த விதியொன்று, வீடுகளும் நிறுவனங்களும் தத்தம் எல்லையுள் வழங்குதற்கென மூன்று தொகுதிகளை வரையறுத்தது. அவை 10 எனத் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை உள்ளது, 192.168 எனத் தொடங்குவது என்பனவாம். இவற்றை யாவரும் எவரிடமும் கேளாது எடுத்துக்கொள்ளலாம். அவ்வுரிமையே பின்னர் இடராயிற்று.

என்னை? வீட்டு றூற்றர்களிற் பல, 192.168.0 அல்லது 192.168.1 என்னும் தொகுதியோடே தொழிற்சாலையினின்றும் வெளிவருகின்றன. சிறிய கொம்பனிகளும் அதே எண்களை மாற்றாது வைத்திருத்தல் உண்டு. கொம்பனியின் கோப்புக் கணினி 192.168.1.10 என்னும் முகவரியில் இருப்பதாகக் கொள்வோம். ஊழியரின் வீடும் 192.168.1 என்னும் தொகுதியில் இருப்பின், அவர்தம் கணினி அக்கோப்பைத் தன் வீட்டினுள்ளேயே தேடக்கூடும். பொதி மறைவழியிற் புகுவதே இல்லை. ஒரே பெயருடைய ஒழுங்கைகள் இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருக்க, கடிதத்தின்மேல் ஊர்ப்பெயரை எழுதாது விட்டால், தபாற்காரர் அதனைத் தம்மூர் ஒழுங்கையிற் கொடுப்பாரன்றி அயலூருக்கு அனுப்புவரோ?

இதற்கு மருந்து, வீட்டுத் தொகுதியின் எண்ணை மாற்றுதலே. றூற்றரின் அமைப்புப் பக்கத்திலே உள்வலையமைப்பின் முகவரியை 192.168.73.1 என்றாற்போலப் பிறர் எளிதில் நினையாததொன்றாக மாற்றி, மறைப்பு எண்ணை 255.255.255.0 என்றே விடலாம். 10 எனத் தொடங்கும் தொகுதியைத் தேர்தல் அத்துணை நன்றன்று. பெரிய கொம்பனிகள் அதனை முழுவதும் தமக்கெனக் கொண்டிருத்தல் கூடும். கணினிகளுக்கு முகவரி பங்கிடும் டீ.எச்.சி.பீ. எல்லையும் புதிய தொகுதிக்கு இசைய மாறியுளதா என நோக்குதல் வேண்டும். மாற்றத்தைப் பதிந்தவுடன் பழைய முகவரியில் றூற்றரின் பக்கம் தோன்றாது. கருவி பழுதாயிற்றென்று அஞ்சிப் பழைய நிலைக்கு மீட்டுவிடுவாரும் உளர். புதிய முகவரியிற் சென்று பார்த்தலே வேண்டுவது. அச்சுப்பொறி முதலியவற்றுக்கு நிலையான முகவரி கொடுத்திருப்பின் அதனையும் மாற்றுதல் வேண்டும். கொம்பனியே பொதுவழக்கிலுள்ள எண்ணை விட்டு வேறெண்ணுக்கு மாறுமாயின் ஊழியர் அனைவரின் தொல்லையும் ஒருங்கே தீரும். அப்பொறுப்பை வீட்டிலிருப்போர்மேற் சுமத்துதல் முறையன்று.

இனி, வாயில் எண்களைப் பற்றிச் சிறிது கூறுவாம். ஐபீசெக் என்னும் மறைவழி 500, 4500 என்னும் யூ.டீ.பீ. வாயில்களையும், ஓப்பின் வீ.பீ.என். வழக்கமாக 1194 ஐயும் பயன்படுத்தும். இவற்றைக் கண்டு, றூற்றரில் அவ்வெண்களை வெளியிலிருந்து உள்ளே வருமாறு திறந்துவிடுவோர் பலர். அது வேண்டாத வேலை. வீட்டுக் கணினியே முதலில் வெளிநோக்கி அழைக்கின்றது. அதற்கு வரும் மறுமொழியை றூற்றர் தானே உள்ளே விடும். வேண்டாது திறந்த வாயில், இரவெல்லாம் திறந்து கிடக்கும் படலையை ஒக்கும். பழைய பீ.பீ.ரீ.பீ. முறையோ வாயில் எண்ணில்லாத ஜீ.ஆர்.ஈ. பொதிகளைக் கொண்டமையால் றூற்றரிற் சிறப்பு ஏற்பாடு வேண்டிற்று. அதன் கடவுச்சொற் பாதுகாப்பு உடைபடக்கூடியதென 2012 இல் வெளிப்படையாகக் காட்டப்பட்டமையின், அதனை இன்னும் வழங்கும் கொம்பனி அதனைக் கைவிடுதலே தக்கது.

சிறு செய்திகள் செல்ல, பெருங்கோப்புகள் மட்டும் இடையில் நின்றுவிடின், பொதியின் அளவை ஐயுறுக. ஈதர்நெற் வழியில் ஒரு பொதி 1,500 பைற்றுகள் வரை கொள்ளும், பீ.பீ.பீ.ஓ.ஈ. இணைப்பில் அது 1,492 ஆகக் குறையும். மறைவழியின் புறவுறையும் இடம்கொள்ளுதலின், மறைவழிக்குரிய எம்.ரீ.யூ. அளவை 1,400 அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக வைத்துச் சோதித்தல் பயன்தரும்.

மறைவழியைக் கணினியில் வையாது றூற்றரிலேயே வைத்துவிட்டால் என்னை எனச் சிலர் வினவுவர். எளிமை கருதின் அது நன்றுபோலத் தோன்றும். ஆயின், தனியே வரையறை செய்தாலன்றி, பிள்ளைகளின் கைபேசியும் தொலைக்காட்சிப் பெட்டியும் விருந்தினர் கொணரும் கருவியும் கொம்பனியின் உள்ளறைக்குச் செல்லும் வழியிலே நிற்கும். றூற்றர்தானும் தாக்கப்படாததன்று. 2018 மே மாதத்திலே சிஸ்கோ நிறுவனத்தின் தாலொஸ் ஆய்வுக்குழு வெளிப்படுத்திய வீ.பீ.என்.பில்ரர் என்னும் தீநிரல், குறைந்தது 54 நாடுகளில் ஐந்து இலட்சம் கருவிகளையேனும் பற்றியிருந்தது; அவற்றுட் பெரும்பாலான வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த றூற்றர்களாம். ஆதலின், மறைவழி பணிக்கணினியிலேயே இருத்தல் நன்று. றூற்றரின் நிருவாகக் கடவுச்சொல்லை மாற்றி, வெளியிலிருந்து அதனை இயக்கும் வசதியை நிறுத்தி, உள்நிரலைப் புதுப்பித்து, வீட்டாரின் ஏனைய கருவிகளை விருந்தினர் வலையமைப்பில் விடுதல் வேண்டும். உள்நிரலுக்குப் புதுப்பிப்பு வெளியிடுதலை ஆக்கியோர் நிறுத்திவிட்ட பழைய றூற்றராயின், அதனை மாற்றிப் புதியதொன்று வாங்குவதல்லது வேறு வழியில்லை.