குப்பனூர் ரோட்டில் நாலு சின்னான்கள்: ஒரு பறவைப் படம் எப்போது பதிவாகிறது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ரெண்டு வழி உண்டு. எல்லாரும் போவது அஸ்தம்பட்டி வழியாக, 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பழைய பாதை. இன்னொன்று அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுவது. பழைய பாதையில் மண் சரிந்தால்தான் பலருக்குக் குப்பனூர் ஞாபகம் வரும். கேமராவோடு போகிறவர்களுக்கு இந்தப் பாதையே வசதி. வண்டி குறைவு, நின்று பார்க்கலாம்.

இந்தப் பாதையின் சிறப்பைச் சொல்ல ஒரே ஒரு குடும்பம் போதும்: சின்னான்கள். ஊர்ப்பக்கம் கொண்டைக்குருவி என்போமே, அதேதான். சேலம் சமவெளி 300 மீட்டருக்கும் சற்றுக் குறைந்த உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தில் வீட்டு வேலி வரை வருவது வாலடி சிவந்த சாதாரணக் கொண்டைக்குருவி. முட்புதர்க்காட்டில் நுழைந்தால் வெண்புருவச் சின்னான். ஆளைப் பார்ப்பது அரிது, சத்தம்தான் கேட்கும். மேலே காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் மரமும் வந்துவிட்டால் செம்மீசைச் சின்னானின் ராஜ்யம். நடுவில், பாறையும் புதரும் கலந்த சரிவுகளில் தேட வேண்டியது நாலாவது ஆள்: மஞ்சள் தொண்டைச் சின்னான்.

இது தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பாறைக் குன்றுகளை ஒட்டித் திட்டுத் திட்டாக வாழ்கிறது. பெங்களூருக்கு அருகே நந்தி மலை பலருக்கும் தெரிந்த இடம். குன்றை உடைத்து ஜல்லியாக்கினால் அது போக வேறு இடமில்லை. சர்வதேசச் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இருப்பது சும்மா இல்லை. அதனால் இந்தப் பறவையின் ஒவ்வொரு நம்பகமான பதிவுக்கும் மதிப்பு உண்டு. கேள்வி, 'நம்பகமான' என்ற சொல்லில்தான்.

மஞ்சளை நம்பலாமா?

வெண்புருவச் சின்னானுக்கும் வாலடியில் மஞ்சள் உண்டு. காலை வெயிலில் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால், வெளுத்த தொண்டைகூட மஞ்சளாகத் தெரியலாம். பூவில் தேன் குடித்துவிட்டு மகரந்தம் அப்பிய முகத்தோடு வரும் பறவைகளும் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் தொண்டைக்குப் புருவம் இல்லை. தலையும் தொண்டையும் மஞ்சள், நெஞ்சு சாம்பல். ஒரு அழகான படத்தைவிட, முகம், நெஞ்சு, வாலடி என்று மூன்று பக்கமும் காட்டும் மூன்று சுமாரான படங்கள் இங்கே அதிகம் உதவும்.

படத்துக்குச் சீட்டு வேண்டும்

1930 வாக்கில் வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வுக்குழு சேர்வராயன் மலையிலும் பறவைகளைச் சேகரித்தது. விஸ்லரும் கின்னியரும் அதன் முடிவுகளை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக எழுதினார்கள். அன்றைக்குப் பறவையைச் சுட்டு, தோலை உரித்து, காலில் ஒரு சீட்டு கட்டுவார்கள்: தேதி, இடம், சேகரித்தவர். சீட்டு இல்லாத தோல் வெறும் அலங்காரம்.

இன்று சுட வேண்டியதில்லை, ஆனால் சீட்டு இன்னும் வேண்டும். கேமரா ஒவ்வொரு படத்தோடும் தேதி, நேரம் முதலியவற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறது. எக்ஸிஃப் என்பது இதுதான். அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், இந்தத் தகவலும் உதிர்ந்துவிடும். பத்துப் பேர் கை மாறியபின் அது எந்த ஊர், எந்த வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். நான் கேமரா கடிகாரத்தை போனோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது. ஃபோல்டர் பெயரிலேயே தேதியும் இடமும் இருக்கும்.

இ-பேர்டில் ஏற்றினால் இன்னொரு நன்மை. அங்கே படம் தனியாகப் போவதில்லை. எவ்வளவு நேரம், எத்தனை கிலோமீட்டர், வேறு என்னென்ன பார்த்தோம் என்ற பட்டியலோடு போகிறது. அந்த வட்டாரத்துக்கு அரிதானது என்றால், தன்னார்வப் பரிசீலகர் ஆதாரம் கேட்பார். பார்த்தது எல்லாவற்றையும் குறித்த பட்டியல் என்றால், அதில் ஒரு பறவை இல்லாததும் தகவல்தான். அழகான படங்களை மட்டும் பகிர்கிறபோது இது கிடைக்காது.

எதைப் பகிரக்கூடாது?

இடம் சொல்லாத படம் ஆய்வுக்கு உதவாது என்றேன். ஆனால் கூட்டின் இடத்தைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பத்து லென்ஸ் நிற்கும். மறைப்பாக இருக்கும் கிளையை ஒருவர் ஒடிப்பார். தாய்ப்பறவை விலகி நிற்கும் நேரத்தில் காகம் புகுந்துவிடும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 2(16) பிரிவு, பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே வைக்கிறது. துப்பாக்கி வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே ரகம்தான். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நினைத்து அது பதறி வருகிறது. நமக்குக் கிடைப்பது அந்தப் பதற்றத்தின் படம்.

நான் பின்பற்றும் கணக்கு எளிது. இரை தேடும், பறக்கும், பாடும் பறவை என்றால் இடம், தேதியோடு முழுப் பதிவு. கூடு, குஞ்சு, வாயில் இரையோடு போகும் பறவை என்றால் படமே எடுப்பதில்லை, விலகி நடப்பதோடு சரி. பறவை வியாபாரிகள் தேடும் இனம் என்றால் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்வேன், பாறையின் பெயர் வராது.

ஜனவரியில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்துப் பட்டியல் போட்டால் போதும், பெரிய லென்ஸ் அவசியமில்லை. அதற்கு முன்னால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை ஒருதரம் திறந்து பாருங்களேன். குப்பனூர் ரோட்டில் எடுத்த பழைய சின்னான் படம் ஏதாவது கிடந்தால், முதலில் புருவத்தைப் பாருங்கள், அப்புறம் தேதியை.