ஆறு மாதம் தூங்கிய பிரிண்டர்!

எப்போதாவது ஒரு தாள் எடுக்கும் வீட்டுக்கு எந்த எந்திரம் ஏற்றது?

இரவு மணி 9.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. காலையில் பஸ் ஏறினால், வீடு திரும்ப இருட்டிவிடும். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்கவேண்டும். அதுதான் கடைசி நாள்.

விண்ணப்பம் செல்போனில் இருக்கிறது. வீட்டில் பிரிண்டரும் இருக்கிறது. பிறகு என்ன கவலை?

மகள் பொத்தானை அழுத்தினாள். எந்திரம் "கர்... கர்..." என்றது. தாள் உள்ளே போயிற்று. வெளியே வந்தது. ஆனால் தாளில் எழுத்தே இல்லை!

"அம்மா! மை வரவில்லை!"

"என்னடி இது? போன வருஷம் வாங்கியதுதானே! ஆறு மாசமாக அதை யாரும் தொடக்கூட இல்லையே!"

ஆறு மாதமாக யாரும் தொடவில்லை என்கிறாள் அம்மா. வேடிக்கை என்ன தெரியுமா? அதனால்தான் எந்திரம் கெட்டது!

சைக்கிளை ஓட்டாமல் வைத்தால் தேயாது. புடவையைக் கட்டாமல் வைத்தால் கிழியாது. ஆனால் மையால் அச்சடிக்கும் பிரிண்டரை ஓட்டாமல் வைத்தால் அடைத்துக்கொள்ளும். இதைக் கடைக்காரர் எல்லோருக்கும் சொல்வது இல்லை. வாங்குகிறவரும் கேட்பது இல்லை.

ஊசியும் சூட்டுக்கோலும்

இது ஏன் என்று தெரிந்துகொள்ள, ஜப்பான் நாட்டுக்குப் போகவேண்டும்.

1977-ம் ஆண்டு. கேனான் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் இச்சிரோ எண்டோ என்ற என்ஜினீயர் வேலை செய்துகொண்டிருந்தார். மேஜை மீது மை நிரப்பிய ஊசி ஒன்று இருந்தது. பற்றவைக்கும் சூட்டுக்கோல் தற்செயலாக அந்த ஊசியின் மீது பட்டுவிட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை பீய்ச்சி அடித்தது!

வேறு ஒருவராக இருந்தால் மேஜையைத் துடைத்துவிட்டுப் போயிருப்பார். எண்டோ யோசித்தார். மை சூடானால் குமிழி உண்டாகிறது. அந்தக் குமிழி மையை வெளியே தள்ளுகிறது. அப்படியானால், சின்னஞ்சிறு துவாரங்களின் பின்னால் சூடு கொடுத்து, மையைத் தாளில் தெளிக்கலாமே! இப்படித்தான் ஒரு வகை "இங்க்ஜெட்" எந்திரம் பிறந்தது. சூட்டுக்குப் பதிலாக, மின்சாரத்தால் அதிரும் சிறு பொருளைக்கொண்டு மையைத் தள்ளும் வகையும் உண்டு. எப்படித் தள்ளினாலும் மை வரும் வழி சிறு துவாரம்தான். தலைமுடியைவிட மெல்லிய துவாரம்!

மையில் பெரும் பகுதி தண்ணீர். தண்ணீர் காய்ந்தால் மை கெட்டியாகும். துவாரம் அடைத்துக்கொள்ளும்.

வேலூர் வெயிலைப்பற்றிச் சொல்லவேண்டியது இல்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும். வீட்டுக்குள் அலமாரி மேல் இருக்கும் எந்திரமும் அந்த அனலில்தான் கிடக்கிறது.

தோல் தொழில் தெரிந்தவர்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் உடனே புரியும். குரோம் ஊட்டிய நீலத் தோலை "வெட் புளூ" என்பார்கள். அதை ஈரம் போகாமல் வைப்பார்கள். ஏன்? காய்ந்து விறைத்துப்போனால், மறுபடியும் நனைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. பிரிண்டர் மையும் அதே சாதிதான்.

இன்னொன்றும் உண்டு. தோலுக்கு நிறம் ஏற்றும் சாயம் வேறு, மேலே பூசும் பிக்மென்ட் வேறு அல்லவா? மையிலும் அந்த இரண்டு வகை இருக்கிறது. சாய மை தண்ணீரில் கரைந்திருக்கும். பிக்மென்ட் மையில் மெல்லிய பொடி மிதக்கும். பிக்மென்ட் மையில் எடுத்த எழுத்து, ஈரம் பட்டாலும் எளிதில் கலையாது. ஆனால் துவாரத்தில் காய்ந்தால், கரைப்பதும் கடினம்.

பொடி காயுமா?

சரி, தண்ணீரே இல்லாத மை உண்டா?

உண்டு. அதுதான் லேசர் பிரிண்டரில் இருக்கும் "டோனர்". அது மை அல்ல, பொடி. மிக நுண்ணிய பிளாஸ்டிக்கும் கறுப்பு நிறமும் கலந்த பொடி. முன்பே காய்ந்த பொருள், இனி எப்படிக் காயும்? ஆறு மாதம் கழித்துத் தட்டினாலும் முதல் தாளிலேயே எழுத்து பளிச்சென்று வரும்.

இந்தப் பொடி வித்தையின் தாத்தா யார் தெரியுமா? தெருவுக்குத் தெரு இருக்கும் ஜெராக்ஸ் எந்திரம்தான்!

அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர், காப்புரிமைப் பத்திரங்களைப் பிரதி எடுக்கும் வேலையில் சலித்துப்போனார். 1938-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, நியூயார்க்கின் அஸ்டோரியாப் பகுதியில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு ஒன்றைத் துணியால் தேய்த்து மின்சாரம் ஏற்றினார். எழுத்து எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார். பொடியைத் தூவி, ஊதினார். வெளிச்சம் படாத இடத்தில் மட்டும் பொடி ஒட்டி நின்றது. அன்றைய தேதியும் அஸ்டோரியா என்ற பெயரும்தான் அவர் எடுத்த முதல் பிரதி!

அவர் பல கம்பெனிகளின் படி ஏறினார். ஒருவரும் ஆதரிக்கவில்லை. கடைசியில் 1959-ல்தான் "ஜெராக்ஸ் 914" என்ற எந்திரம் வெளிவந்தது. பிறகு அதே கம்பெனியைச் சேர்ந்த கேரி ஸ்டார்க்வெதர், விளக்குக்குப் பதிலாக லேசர் ஒளியால் எழுதவைத்தார். 1984-ல் ஹெச்.பி. கம்பெனி மேஜைமேல் வைக்கும் லேசர் பிரிண்டரை விற்றபோது, விலை 3,495 டாலர். இன்று அது சாதாரண வீட்டுக்கும் வந்துவிட்டது.

வாங்கத்தான் வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு கணக்கு.

மாதம் 10 தாள் தேவைப்படுகிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 120 தாள். கடையில் ஒரு பிரிண்ட் அவுட் 5 ரூபாய் என்றால், வருஷச் செலவு 600 ரூபாய். பிரிண்டர் விலை 12 ஆயிரம் ரூபாய் என்றால், அந்தப் பணத்தில் 20 வருஷம் கடையிலேயே எடுக்கலாம்! தாள் 10 ரூபாய் என்றாலும் 10 வருஷம் ஓடும். அதுவரை எந்த எந்திரம் உழைக்கப்போகிறது?

ஆகவே தெருமுனையில் கடை இருந்தால், பிரிண்டர் வேண்டாம். இதுதான் பல வீடுகளுக்குச் சரியான பதில்.

ஆனால் இந்தக் கணக்கில் சேராத செலவும் இருக்கிறது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண், ஒரு தாள் எடுப்பதற்காக அரை நாள் லீவு போட்டால், அரை நாள் சம்பளம் போகும். ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமத்திலிருந்து கடைக்கு வர பஸ் செலவு உண்டு. படுக்கையில் பெரியவர் இருக்கும் வீட்டில், மருத்துவச் சீட்டுகளை நினைத்தபோது பிரதி எடுக்கவேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் பிரிண்டர் இருப்பது வீண் ஆடம்பரம் அல்ல.

கடைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆதார் அட்டையைக் கடைக்காரருடைய வாட்ஸ்-அப்புக்கு அனுப்பிவிட்டு, அப்படியே வந்துவிடுகிறோம். அது அவருடைய கம்ப்யூட்டரில் தங்கிவிடும்! அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டரை வாங்குகிறவர் யாரோ? எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். கூச்சப்படவேண்டாம். ஆதார் எண்ணில் கடைசி 4 எண் மட்டும் தெரியும்படியான பிரதியை, ஆதார் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். முழு எண் கேட்காத இடங்களுக்கு அதைக் கொடுக்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்ததைக் கொண்டுபோகிறவர்கள், அதை பி.டி.எப். ஆக மாற்றிக் கொண்டுபோவது நல்லது. இல்லாவிட்டால் அங்கே எழுத்துரு மாறி, "அன்புள்ள ஐயா" என்பது ஆங்கிலமும் புள்ளியுமாக வந்து நிற்கும்!

வாங்குவது என்றால்...

வாங்கியே தீரவேண்டும், ஆனால் எப்போதாவதுதான் வேலை. இந்த வீட்டுக்கு ஏற்றது கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர்தான். வண்ணம் வராது. வராவிட்டால் என்ன? விண்ணப்பம், சான்றிதழ், பேங்க் கணக்கு, பரீட்சை ஹால் டிக்கெட் எல்லாம் கறுப்பில் எடுத்தால் போதும். பிள்ளையின் புராஜெக்டுக்கு வருஷத்தில் நாலு வண்ணப் படம் வேண்டுமானால், கடையில் எடுத்துக்கொள்ளலாம்.

விலை குறைவு என்று மயங்கி வாங்குவது, சிறிய கார்ட்ரிட்ஜ் போட்ட இங்க்ஜெட் எந்திரத்தைத்தான். எந்திரம் மலிவு; மைதான் விலை! சில கார்ட்ரிட்ஜ்களில் 100, 120 தாள்தான் வரும். அதுவும் தாளில் நூற்றுக்கு 5 பங்கு இடத்தில் மட்டும் மை படும் என்று வைத்துப் போட்ட கணக்கு. பக்கம் நிறைய எழுத்தும் படமும் இருந்தால், அந்த எண்ணிக்கையும் வராது. அது போதாது என்று, துவாரத்தைச் சுத்தம் செய்ய எந்திரமே கொஞ்சம் மையை உறிஞ்சிக் கொட்டும். எப்போதாவது ஓட்டுகிற வீட்டில், எழுதச் செலவாகும் மையைவிடக் கழுவச் செலவாகும் மை அதிகமாகிவிடும்.

மை ஊற்றும் டாங்க் வைத்த எந்திரம் எப்படி? தாள் ஒன்றுக்குச் செலவு மிகக் குறைவு. தினமும் அச்சடிக்கும் டியூஷன் வீட்டுக்கு, சிறு கடைக்கு அதுவே ராஜா. ஆனால் அதிலும் துவாரம்தானே! சும்மா வைத்தால் அதுவும் அடைக்கும். வாங்கிவிட்டவர்கள் வாரம் ஒரு வண்ணத் தாளாவது எடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். கிரயான் வேலையும் ஆச்சு, எந்திரமும் பிழைச்சுது!

லேசரிலும் குறை உண்டு. பொடியைத் தாளில் உருக்கி ஒட்டவைக்க மிகுந்த சூடு வேண்டும். அதனால் அச்சடிக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறைய இழுக்கும். கரண்ட் போன நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சிறிய இன்வெர்ட்டர் தாங்காது. புது எந்திரத்தோடு வரும் டோனர், பெரும்பாலும் முழு அளவு அல்ல, குறைத்து நிரப்பியதுதான். அதனால் மறு டோனர் என்ன விலை, ஆம்பூரிலேயே கிடைக்குமா, வேலூருக்கு ஓடவேண்டுமா, பொடி நிரப்பிக்கொள்ள வழி உண்டா, சிப் வைத்துத் தடுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். பொடி சட்டையில் கொட்டிவிட்டால் வெந்நீர் ஊற்றக்கூடாது, உருகி ஒட்டிக்கொள்ளும். உதறிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசவேண்டும்.

சுவர் ஸ்விட்ச்

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. மிக்சி ஆகட்டும், டி.வி. ஆகட்டும், சுவரில் இருக்கும் ஸ்விட்சை டக்கென்று அணைத்துவிடுவோம். மிச்சம் பிடிக்கும் நல்ல பழக்கம்தான். ஆனால் இங்க்ஜெட் பிரிண்டருக்கு அது ஆகாது.

ஏன்? எந்திரத்தின் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால், மைத் தலை ஓரமாகப் போய், ஒரு ரப்பர் மூடிமேல் உட்கார்ந்துகொள்ளும். காற்று படாது. சுவரில் அணைத்தால், ஓடிக்கொண்டிருந்த தலை பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடலாம். பேனாவை மூடாமல் போட்டது போலத்தான்! முதலில் எந்திரத்தின் பொத்தான். விளக்கு அணைந்த பிறகு சுவர் ஸ்விட்ச்.

இனி அந்த ஆம்பூர் வீட்டுக்கு வருவோம். அங்கே இருப்பது சிறிய கார்ட்ரிட்ஜ் எந்திரம். அதில் ஒரு சௌகரியம் உண்டு. பல மாடல்களில் துவாரங்கள் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கும். அதைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய தாளின்மேல், துவாரம் கீழே இருக்கும்படி இரண்டு மூன்று நிமிஷம் வைக்கவேண்டும். தாளில் மைக்கறை படிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். செம்பு நிறத்தில் இருக்கும் மின்சாரத் தொடுபுள்ளிகளைத் தேய்க்கக்கூடாது. ஈரம் பட்டால் காயவிட்டு மாட்டவேண்டும். (டாங்க் எந்திரத்தில் பெரும்பாலும் இப்படிக் கழற்ற முடியாது. இரண்டு மூன்று முறை சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தியும் வராவிட்டால், ராத்திரி முழுதும் விட்டுவிட்டு, காலையில் ஒரு தடவை பார்க்கலாம். திரும்பத் திரும்ப அழுத்தினால் மைதான் காலி.)

அம்மா அப்படியே செய்தாள். ஈரத் தாளில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. கார்ட்ரிட்ஜை மாட்டினார்கள். முதல் தாள் வெள்ளையாகவே வந்தது. இரண்டாவது தாளில் பாதி எழுத்து. மூன்றாவது தாளில் மகளின் பெயரும், அப்பா பெயரும், பள்ளிக்கூடத்தின் பெயரும் முழுதாக வந்துவிட்டன.

மணி பத்தரை. மகள் சந்தோஷத்தில் சுவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஏய்! அதைத் தொடாதே. முதலில் பொத்தானை அமுக்கு!" என்றாள் அம்மா.